ஏற்காட்டிலிருந்து இறங்கிய ஃபோர்டு ராணுவ லாரி: என்ஜின் பாகங்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்றிருந்த ராணுவ லாரியை வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறக்கிவிட்டேன். இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் தயாரான ஃபோர்டு. தட்டையான முகம், வலப்பக்க ஸ்டீயரிங், 3.9 லிட்டர் வி8 (V வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்கள்) பெட்ரோல் என்ஜின்.

என்ஜின் இறுகிப்போயிருந்தது. பிளக் துளைகள் வழியாக மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டேன். பதினோராம் நாள் கடப்பாரையால் மெல்ல நெம்பியதும் ஃபிளைவீல் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது), டிஸ்டிரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) இரண்டையும் யாரோ எப்போதோ கழற்றிப் போய்விட்டார்கள். சிலிண்டர் வரிசைக்கு ஒன்றாக இரண்டு வாட்டர் பம்புகள் இருக்க வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. டிஸ்டிரிபியூட்டர்தான் பெரிய கவலை. அது என்ஜினின் முன்பக்கம், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் முனையிலேயே நேராகப் பொருந்துவது. வேறு வண்டியுடையதை எடுத்து மாட்ட முடியாது.

டீசல் என்ஜினை வைத்து ஓட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த வி8 சத்தத்தோடுதான் இது மறுபடி மலை ஏற வேண்டும்.

பழைய ஃபோர்டு வி8 பாகங்கள் யாரிடமாவது, எந்தப் பழைய இரும்புக் கடையிலாவது கிடந்தால் சொல்லுங்கள். உடைந்த டிஸ்டிரிபியூட்டர் கிடைத்தாலும் போதும், அளவெடுத்துக் கடைசலில் செய்து பார்க்கிறேன். பம்ப் உறையை வார்த்துத் தரக்கூடிய பட்டறை சேலம், கோவைப் பக்கம் தெரிந்தாலும் எழுதுங்கள், நேரில் வருகிறேன்.