கலைச்சொல் வேண்டும்: இரையைச் சுற்றி இறுக்கும் பாம்பு

க. எழுதியது:
நண்பர்களே, மாணவர் இதழுக்கான பச்சை அனகோண்டா கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நஞ்சுள்ளதை நச்சுப்பாம்பு என்கிறோம். உடலால் சுற்றி இரையைக் கொல்லும் வகைக்கு? கட்டுரையாளர் 'மூச்சடைப்பான்' என்று போட்டிருக்கிறார். விடலாமா?

ம. எழுதியது:
விடக்கூடாது, உயிரியலே தவறு. 2015-இல் வெளியான ஆய்வில், மயக்கமருந்து கொடுத்த எலிகளைப் போவா பாம்பு சுற்றியபோது சில நொடிகளில் தமனி அழுத்தம் சரிந்தது. இரத்த ஓட்டம்தான் முதலில் நிற்கிறது. 'நெரி' என்றாலும் கழுத்துதான் நினைவுக்கு வரும். யாத்தல் என்றால் கட்டுதல். 'யாப்பரவு' என்று வைக்கலாம்.

ச. எழுதியது:
யாப்பு என்றதும் பிள்ளைகளுக்கு வெண்பாதான் நினைவுக்கு வரும். மலைபடுகடாத்தில் 'துஞ்சுமரம் கடுக்கும் மாசுணம்' என்று வருகிறதே, விழுந்து கிடக்கும் மரம்போலப் பாம்பு! அந்த மாசுணத்தையே எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், அனகோண்டா என்பதே 'ஆனைக்கொன்றான்' என்ற தமிழ்ச்சொல்லின் திரிபு என்று 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைத் தொகுத்த ஹென்றி யூல் கருதியிருக்கிறார். தலைப்பை அப்படியே வைத்தால் என்ன?

ம. எழுதியது:
மாசுணம் நம் மலைப்பாம்பு. அது முட்டையிட்டு, சுருண்டு அடைகாக்கும். அனகோண்டா குட்டி போடும். அமேசான், ஓரினோகோ படுகைகளின் சதுப்புகளும் மழையில் வெள்ளக்காடாகும் வெனிசுவேலாப் புல்வெளிகளும் அதன் இடம். கண்ணும் மூக்குத்துளையும் தலையின் மேற்புறம் இருப்பதால், உடலை முழுக்க நீரில் அமிழ்த்திக்கொண்டு கேப்பிபாரா என்னும் பெரிய கொறிவிலங்கு தண்ணீர் குடிக்க வரும்வரை கிடக்கும். யானை வாழாத கண்டத்தில் அது எப்படி ஆனைக்கொன்றான் ஆகும்? 1693-இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரேயின் பட்டியலில் இந்தப் பெயர் வந்தபோது அது ஆசியப் பாம்பையே குறித்தது. சிங்கள 'ஹெனகந்தயா'தான் மூலம் என்போரும் உண்டு.

க. எழுதியது:
சரி, வேர் ஆராய்ச்சி பிறகு. 'இறுக்குப்பாம்பு' என்று போடுகிறேன். சொன்னவுடன் புரிகிறது, கொல்லும் முறையையும் தவறாகச் சொல்லவில்லை. பெரும்பாலோருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ச. எழுதியது:
எனக்கு மாசுணத்தை விட மனமில்லை. போகட்டும். ஆனால் சுடுகாடு, ஊறுகாய் போல இது வினைத்தொகை, ஒற்று மிகாது. 'இறுக்குபாம்பு' என்று திருத்துங்கள்.

ம. எழுதியது:
'இறுக்கு' இங்கே தொழிற்பெயர். ஒற்று மிகும். அச்சுக்கு அப்படியே போகட்டும்.

ச. எழுதியது:
ஏற்கவில்லை. அடுத்த இதழுக்கு முன் நன்னூலோடு வருகிறேன்.