பெரிய வீடு குழு: குட்டியின் புளூட் கறுத்துவிட்டது

காலை 6:42
நான்: எல்லாருக்கும் வணக்கம். குட்டியின் புளூட் படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். மூங்கில் குழல் இல்லை, அந்த வெள்ளி நிற உலோகப் புளூட். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பெட்டியை மூடாமல் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நேற்று ராத்திரி கிருஷ்ணகிரி வந்து பார்த்தால் இப்படி. தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் தெரியுமே, அந்த மாதிரி மஞ்சளும் நீலமுமாக இருக்கிறது. கீழ்த் துண்டில் மட்டும் பேனாவால் போட்டதுபோல ஒரு கறுப்புக் கோடு.

காலை 6:44
நான்: ராத்திரியிலிருந்து அழுகை. வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

காலை 6:51
காவேரிப்பட்டணம் அத்தை: அழ வேண்டாம் என்று சொல் கண்ணு. புளியைக் கரைத்துத் தேய். நம் வீட்டில்தான் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே. குத்துவிளக்கு எப்படிப் பளிச்சென்று ஆகிறது!

காலை 6:58
பாலக்கோடு அக்கா: புளி வேண்டாம் அத்தை. பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, சமையல் சோடா போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி உள்ளே போட்டால் ஐந்து நிமிடத்தில் வெள்ளை ஆகிவிடும். என் கொலுசுக்குச் செய்தேன்.

காலை 7:03
ஓசூர் அண்ணன்: தண்ணீரில் போடாதே! யாரும் எதுவும் செய்யாதீர்கள். சித்தப்பா வரட்டும்.

காலை 7:20
சேலம் சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். குட்டியிடம் முதலில் இதைச் சொல். அது துரு இல்லை, புளூட் கெட்டுப்போகவும் இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டியிருக்கிறது. வெள்ளி சல்பைடு என்பார்கள். பட்டாசு மருந்தில் கந்தகம் உண்டு, அதனால்தான் தீபாவளி முடிந்து வெள்ளிப் பட்டறை திறந்தால் மூடாமல் விட்ட கொலுசெல்லாம் மங்கியிருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். முதலில் வெளிர் மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு, நீலம், கடைசியில்தான் கறுப்பு. உன் படத்தில் மஞ்சளும் நீலமும்தான் அதிகம். படலம் இன்னும் மெல்லிசு.

காலை 7:22
சேலம் சித்தப்பா: அந்தக் கோடு இருக்கும் இடத்தில் ரப்பர் பேண்டு போட்டிருந்தாளா?

காலை 7:24
நான்: ஆமாம் சித்தப்பா! எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று எழுதின சீட்டை அங்கே ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைத்திருந்தாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

காலை 7:27
சேலம் சித்தப்பா: ரப்பரைக் கந்தகம் சேர்த்துத்தான் பதப்படுத்துகிறார்கள். வெள்ளி மேல் ரப்பர் பட்டால் கோடு விழும். வெங்காயம், முட்டை, கம்பளித் துணி எல்லாமே அப்படித்தான். காவேரிப்பட்டணம் அக்கா, புளி பித்தளைக்கும் செம்புக்கும்தான். வெள்ளியின் கறுப்பை அது அசைக்காது.

காலை 7:29
காவேரிப்பட்டணம் அத்தை: சரிப்பா. நீ சொன்னால் சரிதான்.

காலை 7:35
ஓசூர் அண்ணன்: சோடா வைத்தியம் கொலுசுக்குச் சரி, புளூட்டுக்கு ஆகாது. ஓட்டைகளை மூடித் திறக்கும் மூடிதான் கீ. ஒவ்வொரு கீ அடியிலும் சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிய வட்டமாக ஒரு பேட் இருக்கிறது. உள்ளே கம்பளி, மேலே வெங்காயச் சருகு போல ஒரு தோல். நனைந்தால் உப்பிவிடும், ஓட்டையைச் சரியாக மூடாது, காற்று ஒழுகும். கீயைத் தூக்கும் ஊசி ஸ்பிரிங் துருப்பிடிக்கும். தலைத் துண்டுக்குள் தக்கையும் இருக்கிறது. கறுத்த புளூட்டில் சத்தம் நன்றாகவே வரும், பேட் போனால்தான் வராது.

காலை 7:41
நான்: ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி உதடு வைக்கும் தகட்டிலும் பக்கத்துக் குழாயிலும் கொஞ்சம் விபூதி போட்டுத் தேய்த்துவிட்டேன். அம்மா வெள்ளிச் சொம்புக்குச் செய்வது போல. பளபளப்பு வந்தது, ஆனால் ஓரத்தில் ஒரு மிளகு அளவுக்கு மஞ்சளாக ஏதோ தெரிகிறது. அதைத் தேய்த்தாலும் போகவில்லை. அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலை 7:43
அம்மா: விபூதியால் என்ன ஆகும்? காலம் காலமாகச் செய்வதுதானே.

காலை 7:52
சேலம் சித்தப்பா: அண்ணி, உங்கள் சொம்பு முழுக்க வெள்ளி. நூறு வருடம் தேய்த்தாலும் உள்ளே வெள்ளிதான். இது முலாம். தலைமுடியை விட மெல்லிய வெள்ளித் தோல், கீழே ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், இருப்பது செம்பும் துத்தநாகமும் நிக்கலும். கறுப்பாக இருப்பதும் வெள்ளிதான், கந்தகத்தோடு சேர்ந்த வெள்ளி. பொடி போட்டுத் தேய்த்தால் அதோடு நல்ல வெள்ளியும் கொஞ்சம் போகும். போனால் திரும்ப முலாம்தான் போட வேண்டும். நீ பார்த்த மஞ்சள் அடி உலோகமாகத்தான் இருக்கும். ஓரத்தில் முலாம் எப்போதும் சீக்கிரம் தேயும். ஒரு ராத்திரி விபூதியில் அவ்வளவு போகாது கண்ணு, ஏற்கெனவே தேய்ந்திருக்கும். செகண்ட் ஹேண்ட்தானே வாங்கினீர்கள்? உன்னையே திட்டிக்கொள்ளாதே.

காலை 7:54
நான்: இப்போதுதான் மூச்சு வருகிறது சித்தப்பா.

காலை 8:10
ஓசூர் அண்ணன்: இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான். காய்ந்த சின்னப் பெயிண்ட் பிரஷால் கீகளுக்கு நடுவே இருக்கும் விபூதியை மெதுவாகத் தட்டி எடு. அது எண்ணெயோடு சேர்ந்தால் கீ இறுகிவிடும். பழைய காட்டன் வேட்டித் துணியால் குழாயை மட்டும் நீளவாக்கில் துடை, அழுத்தாதே. போகிற வரை போகட்டும். பித்தளை பாலிஷ், பற்பசை, சபீனா எதுவும் கிட்டே வரக் கூடாது.

காலை 8:13
சேலம் சித்தப்பா: வெள்ளி துடைக்கும் மருந்துத் துணி ஒன்று நாளை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். அதையும் மாதம் ஒரு தடவைக்கு மேல் எடுக்காதே, கீ அடியில் நுழைக்காதே. பெட்டியில் வைக்கக் கறுக்காமல் காக்கும் காகிதமும் வைத்திருக்கிறேன். காற்றில் வரும் கந்தகத்தை அது இழுத்துக்கொள்ளும். சில மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

காலை 8:20
ஓசூர் அண்ணன்: தினம் வாசித்து முடித்ததும் கம்பியில் துணி சுற்றி மூன்று துண்டுக்குள்ளும் இருக்கும் ஈரத்தை எடுக்க வேண்டும். அப்புறம் வெளியே விரல் பட்ட இடமெல்லாம் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். வியர்வைதான் தினசரி எதிரி. இரண்டு நிமிட வேலை. ஈரத் துணியைப் பெட்டிக்குள் திணிக்காதே, எல்லாரும் அங்கேதான் தவறு செய்கிறார்கள். இணைப்புகளுக்கு எண்ணெய் வேண்டாம், சுத்தமாகத் துடைத்தால் போதும்.

காலை 8:22
பாலக்கோடு அக்கா: அதிரசம் சாப்பிட்ட கையோடும் வாயோடும் வாசித்தாளா?

காலை 8:23
நான்: வாசித்தாள்.

காலை 8:25
ஓசூர் அண்ணன்: இனிப்பு உள்ளே போனால் பேட் ஒட்டிக்கொள்ளும். வாய் கொப்பளித்து, கை கழுவிவிட்டு எடுக்கச் சொல். மாம்பழக் காலத்தில் கண்டிப்பாக.

காலை 8:31
அம்மா: முறுக்கு டப்பாவைப் பெரியம்மா வீட்டிலேயே விட்டுவிட்டாய். யாராவது அந்தப் பக்கம் போனால் வாங்கி வாருங்கள்.

மாலை 6:15
நான்: புதுப் படம் போட்டிருக்கிறேன். மஞ்சள் பெரும்பாலும் போய்விட்டது. நீலம் பாதிக்குப் பாதி. விபூதியைப் பிரஷால் எடுத்தபோது ஒரு கீயின் முட்டுக்கு அடியில் கோலப்பொடி சிந்தினாற்போல இருந்தது, நல்லவேளை சொன்னீர்கள். கறுப்புக் கோடு அப்படியேதான் இருக்கிறது.

மாலை 6:22
சேலம் சித்தப்பா: கோட்டை நீ தொடாதே. டிசம்பரில் பெங்களூர் போகும்போது ஊதுகருவி பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். அவர் கீயெல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் செய்வார். பச்சை பூத்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். முலாம் விட்டு அடி உலோகம் அரிக்கிறது என்று அர்த்தம்.

மாலை 6:24
நான்: சரிங்க சித்தப்பா.

மாலை 7:05
நான்: வாசித்துவிட்டாள். துடைத்துவிட்டாள். விரல் சீட்டை இப்போது பெட்டி மூடியில் நூலால் கட்டியிருக்கிறாள். ரப்பர் பேண்டு டப்பாவை அவளே கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

மாலை 7:06
காவேரிப்பட்டணம் அத்தை: வாசித்ததைப் பதிவு செய்து போடு கண்ணு. கேட்டுவிட்டுத்தான் தூங்குவேன்.