மறுநாள் இறைச்சிக் கறியை வறளாமல் சூடாக்குவது எப்படி?

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பலர் சேர்ந்து பங்கிட்டு எடுக்கும் பங்கு இறைச்சி வாங்கும் வழக்கம் இருப்பதால், ஆட்டிறைச்சி முழுவதையும் ஒரே தடவையில் பிரட்டல் கறியாகச் சமைத்து, மிகுதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் இரவு புட்டுடன் உண்கிறோம். முதல் நாள் மெத்தென்று இருந்த துண்டுகள், மறுநாள் தாச்சியில் சூடாக்கியதும் இறுகி நார் நாராகி விடுகின்றன. தண்ணீர் விட்டால் உறைப்பும் உப்பும் குறைகின்றனவே தவிர இறைச்சி மென்மையாவதில்லை. கோழியின் நெஞ்சுப் பகுதி இன்னும் மோசமாகிறது. மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் ஓரங்கள் கொதிக்க, நடுப்பகுதி குளிர்ந்தே கிடக்கிறது. சரியான முறையை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (மாங்குளம்)

நீர் ஆவியாவதால் மட்டும் இறைச்சி வறள்வதில்லை. சூட்டில் தசைப் புரதங்கள் சுருங்குகின்றன. 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது தொடுப்பிழையமும் (தசைகளைப் பிணைத்து நிற்கும் சவ்வு) சுருங்கத் தொடங்கி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. முதல் நாள் சமையலிலேயே சாற்றின் ஒரு பெரும் பங்கு குழம்புக்குள் இறங்கிவிட்டதால், மறுநாள் துண்டுக்குள் எஞ்சியிருப்பதைக் காப்பதுதான் நம் வேலை. குளிர்ந்த கறியில் மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது கொழுப்பு. அதன் கீழே தளதளவென்று உறைந்து நிற்பது, எலும்பிலும் சவ்விலும் இருந்து நீண்ட கொதியில் கரைந்து வந்த ஜெலற்றின். துண்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்து வைக்காமல், இந்தக் குழம்பு அவற்றை மூடி நிற்கும்படி வைக்க வேண்டும்.

சூடாக்கும்போது குழம்பை முதலில் தாச்சியில் விட்டு, தேவையானால் சிறிது சுடுநீரோ கப்பிப்பாலோ (முதற்பால் எடுத்த பின் பிழியும் நீர்த்த தேங்காய்ப்பால்) சேர்த்துக் கொதிக்க விடுங்கள். அதன் பிறகே துண்டுகளைப் போட்டு மூடி, நெருப்பைக் குறைத்து, துண்டின் நடுப்பகுதி நன்றாகச் சுடும்வரை வைத்து உடனே இறக்குங்கள். ஆட்டின் தொடை, தோள்ப் பகுதிகளில் சவ்வு கூடுதலாக இருப்பதால் அவை சற்றுக் கூடுதலான கொதியைத் தாங்கும். கோழி நெஞ்சில் சவ்வும் கொழுப்பும் குறைவு என்பதால், அதை நாருக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டி, கொதிக்கும் குழம்பில் கடைசியாகப் போடுவதே நல்லது.

பதில் 2 (புதுக்குடியிருப்பு)

தங்கச்சி, நீங்கள் உங்களை அறியாமலே பழைய முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று எண்ணுகிறேன். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் எங்கள் அம்மாமார் இரவில் கறியை அடுப்பில் ஏற்றிச் சுண்ட வைத்தார்கள். நீரை வற்றச் செய்து, கறி பழுதாகாமல் விடியும்வரை காப்பதே அதன் நோக்கம். மென்மை அங்கே கருதப்படவில்லை. அந்தச் சுண்டக்கறி பழஞ்சோற்றுடன் தனிச் சுவை தரும், நான் இன்றும் விரும்பி உண்பேன். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கறியைச் சுண்ட வைக்க வேண்டிய தேவையே இல்லை. உண்ணும் அளவை மட்டும் வேறு சட்டியில் எடுத்துச் சூடாக்குங்கள். முழுக் கறியையும் திரும்பத் திரும்பக் கொதிக்க வைப்பதனால்தான் கடைசித் துண்டு மரக்கட்டையாகிறது.

பதில் 3 (வவுனியா)

நான் கறியை இளஞ்சூடு வந்தவுடனேயே இறக்கிவிடுவேன். இறைச்சி சிறிதும் இறுகுவதில்லை. இதைவிட எளிய வழி உண்டா?

பதில் 4 (மாங்குளம்)

தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். 5 முதல் 60 பாகை செல்சியசு வரையான சூட்டில் கிருமிகள் விரைவாகப் பெருகும். சமையலில் சாகாத வித்துகளை (கிருமிகளின் உறங்கு நிலை வடிவங்கள்) உடைய கிருமிகளும் உள்ளன. கறி மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. ஆகவே துண்டின் நடுப்பகுதி குறைந்தது 74 பாகை செல்சியசை அடைய வேண்டும். கறி முழுவதும் ஆவி பறக்கக் கொதித்து, எடுத்த துண்டைப் பிளந்தால் உள்ளேயும் ஆவி எழ வேண்டும். மென்மையைக் காப்பதற்கு, அந்தச் சூட்டை விரைவாக எட்டி அங்கேயே நிறுத்துவதுதான் வழி, சூட்டைக் குறைப்பதல்ல.

சில கிருமிகள் விட்டுச் செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது என்பதால், ஆற வைக்கும் முறையும் முக்கியம். சமைத்து 2 மணித்தியாலங்களுக்குள், வன்னி வெயிலில் 32 பாகைக்கு மேல் வெப்பமுள்ள நாட்களில் 1 மணித்தியாலத்துக்குள், கறியை அகலமான, ஆழங்குறைந்த ஏதனங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். 3 அல்லது 4 நாட்களுக்குள் உண்டு முடிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டி ஏறத்தாழ 4 மணித்தியாலங்கள் குளிரைக் காக்கும்.

மைக்ரோவேவ் அடுப்பில் துண்டுகளைத் தட்டின் ஓரமாக வட்டமாகப் பரப்பி, நடுவை வெறுமையாக விட்டு, குழம்பு ஊற்றி மூடி, நடுத்தர வலுவில் வையுங்கள். இடையில் ஒருமுறை கிளறிவிட்டு, நின்ற பின்னும் 2 நிமிடங்கள் மூடியபடி விட்டால் சூடு சமமாகப் பரவும்.

கேள்வி கேட்டவர் (கிளிநொச்சி)

மிக்க நன்றி. குழம்பே இல்லாத பொரித்த இறைச்சியை என்ன செய்வது? மேலும், பால் விட்ட கறி மறுநாள் திரைந்து போகிறதே?

பதில் 2 (புதுக்குடியிருப்பு)

பொரித்ததை இடியப்பத் தட்டில் வைத்து ஆவியில் நன்கு சூடாக்கி, பின் சிறிது எண்ணெய் விட்டுச் சூடான தாச்சியில் ஒரு புரட்டு புரட்டி எடுங்கள். உள்ளே ஈரமும் வெளியே மொறுமொறுப்பும் கிடைக்கும். பால் கறிக்கு, மறுநாள் வைக்கப்போகும் பகுதியை முதற்பால் விடுவதற்கு முன்பே பிரித்தெடுத்துவிடுங்கள். மறுநாள் கறி கொதித்து நெருப்பைத் தணித்த பின், புதிதாகப் பிழிந்த முதற்பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கினால் திரையாது.