கணக்கு மென்பொருள்: 38 கணினியிலும் நிறுவுவதா, சர்வரில் வைத்து ரிமோட்ஆப்பாகக் கொடுப்பதா?

உபிக்காரன்

வணக்கம். சிங்கப்பூரில், உபி வட்டாரத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஐடி வேலை பார்க்கிறேன். ஐடிக்கு நான் ஒருவன்தான். மொத்தம் 38 கணினிகள். கணக்கு மென்பொருள் பழைய பாணி: தரவுத்தளம் சர்வரில், ஒவ்வொரு கணினியிலும் அதோடு பேசும் நிரல், அதாவது கிளையண்ட்.

2023 ஜனவரியில் ஜிஎஸ்டி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, 2024 ஜனவரியில் 9. இரண்டு முறையும் புதுப் பதிப்பு வந்தது. இரண்டு முறையும் ஆண்டின் கடைசி நாளில் மேசை மேசையாகப் போய் நிறுவினேன். இரண்டாம் முறை கிடங்கில் இருந்த ஒரு கணினி விட்டுப்போய்விட்டது. அதிலிருந்து பழைய 8 விழுக்காட்டிலேயே இன்வாய்ஸ் போயிருக்கிறது. வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: மென்பொருள் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

ரிமோட்ஆப் விண்டோஸ் சர்வர் 2008 காலத்திலிருந்தே இருக்கிறது. நிரல் சர்வரில் ஓடும், அதன் சன்னல் மட்டும் நம் திரையில் தெரியும். சர்வரோடு இணைக்கும் ஆர்டிபி கோப்பை எல்லார் டெஸ்க்டாப்பிலும் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். பழைய விண்டோஸ் 10 கணினிகளையும் இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேபிள்

தம்பி, வேண்டாம் என்றுதான் சொல்வேன். இருபது வருடமாகத் துவாஸ், ஜூரோங் பக்கம் அலுவலகம் அலுவலகமாகப் போய் இதைத்தான் சரிசெய்து கொண்டிருக்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் முப்பது பேர் ஒரே சர்வரை நம்பி இருந்தார்கள். ஒரு மாதம் 13ஆம் தேதி அதன் பவர் சப்ளை போய்விட்டது. மறுநாள் 14, மத்திய சேம நிதி (மசேநிதி) சந்தா கட்டுவதற்குக் கடைசி நாள். மாற்றுப் பாகம் வந்து சேர மாலை ஆகிவிட்டது. அதுவரை முப்பது பேரும் நல்ல கணினிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. ஒவ்வொரு கணினியிலும் மென்பொருள் இருந்தால் ஒன்று கெட்டாலும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலையை முடிக்கலாம்.

மேசை மேசையாகப் போவதுதான் பிரச்சினை என்றால் எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி வழியாக, தானாக நிறுவிக்கொள்ளும் எம்எஸ்ஐ தொகுப்பை அனுப்பு. அதற்காக நிரலையே சர்வரில் ஓட்ட வேண்டியதில்லை.

உபிக்காரன்

அண்ணே, ஒன்று கேட்கிறேன். தரவுத்தளம் இப்போதே சர்வரில்தானே இருக்கிறது? அது விழுந்தால் 38 கணினியிலும் கிளையண்ட் இருந்து என்ன பயன்? எல்லாருக்கும் 'இணைப்பு இல்லை' என்ற செய்திதான் வரும்.

எம்எஸ்ஐ வழியையும் பார்த்தேன். எங்கள் மென்பொருளுக்கு அப்படி ஒரு தொகுப்பே இல்லை. அமைவு நிரல் நடுவில் மூன்று கேள்வி கேட்கும், அட்மின் கடவுச்சொல்லும் கேட்கும்.

பழைய கேபிள்

நியாயமான கேள்வி. தரவுத்தளம் விழுந்தால் இரண்டு வழியிலும் வேலை நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ இன்னொரு கண்ணியைச் சேர்க்கிறாய். தரவுத்தள சர்வர் நன்றாக இருந்து, நிரல் ஓடும் சர்வர் மட்டும் தொங்கினாலும் இனி அலுவலகம் நிற்கும். ஒருவர் பெரிய அறிக்கை ஒன்றை ஓட்டினால் மற்றவர் எல்லாருக்கும் திரை உறையும். தனிக் கணினியில் அந்தத் தொல்லை அவரோடு போகும்.

அப்புறம் அச்சு. சரக்கு நிறுவனம் என்கிறாய், லேபிள் அச்சிடாமல் இருக்க மாட்டீர்கள். சாதாரண ஏ4 அச்சுக்கு, சர்வரிலிருந்து நம் அச்சுப்பொறிக்கு அனுப்பும் ஈசி பிரிண்ட் வசதி போதும், சர்வரில் டிரைவர்கூட வேண்டாம். ஆனால் பார்கோடு லேபிள் அச்சுப்பொறி தன் மொழியில் கட்டளையை நேராக எதிர்பார்க்கும். நடுவில் ஈசி பிரிண்ட் புகுந்தால் அளவு மாறும், கோடுகள் மங்கும். ஸ்கேனர் அதைப் படிக்காது. கிடங்கு வாசலில் லாரி நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

வவுச்சர் அக்கா

நான் ஐடி ஆள் இல்லை. கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு என்ன நடக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் மாதம், வங்கி வழியாகச் சம்பளம் போடும் ஜைரோ கோப்பைச் சேமித்தேன். 'டாகுமெண்ட்ஸ்' என்று காட்டியது, அங்கேயே போட்டேன். பிறகு வங்கித் தளத்தில் ஏற்றப் போனால் என் டாகுமெண்ட்ஸில் அந்தக் கோப்பு இல்லை. மூன்று முறை சேமித்தேன், மூன்று முறையும் இல்லை. அது சர்வரின் டாகுமெண்ட்ஸாம். என் கணினியின் சி டிரைவ் கீழே தனியாக, என் கணினியின் பெயரோடு இருந்திருக்கிறது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி சன்னல்தான். யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. அந்த மாலை முழுவதும் சம்பளம் தாமதமாகிவிடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ஒரு நாள் வவுச்சரைத் திறந்தபடியே மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் 'இந்தப் பதிவை வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்கிறது. அந்த வேறொருவர் நான்தான்.

ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும். மகனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் தெம்பனிஸில் வீட்டில் இருந்தபடியே மாதக் கணக்கை முடித்தேன். பழைய முறையில் அது நடந்திருக்காது.

உபிக்காரன்

அக்கா, இதற்குத்தான் இங்கே கேட்டேன். இரண்டுக்கும் வழி இருக்கிறது. சர்வரின் டிரைவ்களைப் பயனருக்குத் தெரியாமல் மறைக்கக் குரூப் பாலிசி உண்டு. டாகுமெண்ட்ஸைப் பொதுக் கோப்புறைக்குத் திருப்பிவிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே இடம்தான். இணைப்பு அறுந்த பிறகும் சர்வரில் தங்கிவிடும் செஷனுக்கு நேர வரம்பு போடலாம், அதற்கும் குரூப் பாலிசியில் அமைப்பு இருக்கிறது. ஒரு மணி நேரம் போட்டால் மறுநாள் காலை பூட்டு இருக்காது.

இரவு ஷிப்ட்

இருவரும் சர்வர் விழுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். யாராவது உள்ளே நுழைந்தால்?

2018இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் நடந்த ஊடுருவலை நினைத்துப் பாருங்கள். 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரம் போனது. விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது, நேரம் கிடைத்தால் படியுங்கள். முதலில் பிடிபட்டது சாதாரணப் பணியாளர் கணினி. அங்கிருந்து சிட்ரிக்ஸ் சர்வர்களுக்குப் போய், அவற்றின் வழியாகத்தான் தரவுத்தளத்தைத் தொட்டார்கள். சிட்ரிக்ஸும் ரிமோட்ஆப்பும் ஒரே குடும்பம்: நிரல் சர்வரில், திரை நம்மிடம். அறிக்கை வந்த அதே மாதம் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி, அதன் ஐடி நிறுவனத்துக்கு 750,000 வெள்ளி அபராதம்.

ரிமோட்ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உபிக்காரன் எழுதியதில் இரண்டு விஷயம் பயமாக இருக்கிறது. ஒன்று, பழைய விண்டோஸ் 10 கணினிகளை ஓட்டுவது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நிரல் சர்வரில் ஓடினாலும் கடவுச்சொல்லைத் தட்டுவது அந்தப் பழைய கணினியில்தானே? விசையைப் பதிவு செய்யும் நிரல் அங்கே உட்கார்ந்திருந்தால் சர்வரை எவ்வளவு பூட்டியும் பலனில்லை.

இரண்டாவது, ஆர்டிபி கோப்பை டெஸ்க்டாப்பில் போடுவது. சான்றிதழால் கையொப்பமிடாத கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் மஞ்சள் எச்சரிக்கை வரும், 'வெளியிட்டவர் தெரியவில்லை' என்று. முதல் வாரம் எல்லாரும் உன்னைக் கேட்பார்கள். இரண்டாம் வாரம் படிக்காமலே 'கனெக்ட்' அழுத்துவார்கள். அதன் பிறகு மின்னஞ்சலில் எவனோ ஓர் ஆர்டிபி கோப்பை அனுப்பினாலும் அதே கை அதே பொத்தானை அழுத்தும். எச்சரிக்கையைத் தாண்டிப்போக நாமே ஊழியர்களைப் பழக்குவது பெரிய தப்பு.

உபிக்காரன்

பழைய கணினி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதை விட்டுவிடுகிறேன். ஆனால் கோப்பு இல்லாமல் 38 மேசைக்கு எப்படிக் கொண்டு போவது?

இரவு ஷிப்ட்

நீ நடக்கவே வேண்டாம். ரிமோட்ஆப் நிரல்களைப் பட்டியலிடும் ஆர்டி வெப் சர்வரில், அந்தப் பட்டியலுக்கு ஒரு ஃபீட் முகவரி இருக்கும், 'வெப்ஃபீட்.ஏஎஸ்பிஎக்ஸ்' என்று முடியும். குரூப் பாலிசியில் பயனர் பகுதியில், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் பிரிவுக்குள் 'ரிமோட்ஆப் அண்ட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்ஸ்' என்ற இடத்தில் இயல்பு இணைப்பு முகவரியைக் கொடுக்கும் அமைப்பு உண்டு. விண்டோஸ் 8-இலிருந்து வேலை செய்கிறது. பயனர் உள்நுழைந்ததும் அவருக்கு அனுமதித்த நிரல்கள் மட்டும் ஸ்டார்ட் மெனுவில் தானாக வந்து உட்காரும். நாளைக்கு நீ சர்வரில் ஒன்றை எடுத்துவிட்டால் அங்கேயும் மறைந்துவிடும். கோப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்தால், வேலையை விட்டுப் போனவரின் டெஸ்க்டாப் வரை அது சுற்றிக்கொண்டிருக்கும்.

டொமைனில், அதாவது அலுவலக வலையமைப்பில் சேர்ந்த கணினிகள் நம்பும் சான்றிதழ் ஒன்றை வைத்து, அதன் கைரேகை எண்ணை நம்பகமான வெளியீட்டாளர் பட்டியலில் குரூப் பாலிசி வழியாகவே சேர்த்துவிடு. மஞ்சள் எச்சரிக்கை போய்விடும். அதன் பிறகு எச்சரிக்கை வந்தால் உண்மையிலேயே ஏதோ கோளாறு என்று ஊழியர்களிடம் சொல்லலாம்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஆர்டிபியின் 3389 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். நடுவில் வாயிலாக ஒரு கேட்வே சர்வர் வைத்து 443 போர்ட் வழியாக, இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடு விடு.

பழைய கேபிள்

இவர் சொல்வது அத்தனையும் சரிதான். ஆனால் கூட்டிப் பாருங்கள்: கேட்வே, சான்றிதழ் புதுப்பித்தல், லைசென்ஸ் சர்வர், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸைப் பயன்படுத்த வாங்கும் ஆர்டிஎஸ் கால் லைசென்ஸ். அந்த லைசென்ஸ் சாதாரண சர்வர் லைசென்ஸுக்கு மேலே தனியாக வாங்குவது. வாங்காவிட்டாலும் 120 நாள் ஓடும். அதனால் மறந்துவிடுவார்கள், 121ஆம் நாள் யாரையும் உள்ளே விடாது. அப்படி இரண்டு இடத்திலிருந்து என்னை அழைத்திருக்கிறார்கள். ஒரே ஆள் உள்ள ஐடி பிரிவுக்கு இது பெரிய சுமை. தம்பி விடுப்பில் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? இந்தச் செலவில் இணையத்தில் ஓடும் கணக்கு மென்பொருளுக்கே மாறிவிடலாமே.

உபிக்காரன்

மாறலாம் அண்ணே. எட்டு வருடக் கணக்கு இதில் இருக்கிறது, சுங்க அனுமதி எண்களோடு இணைத்து வைத்திருக்கிறோம். முதலாளி இந்த ஆண்டு அதைத் தொட விடமாட்டார். என் கையில் இருப்பதைத்தான் நான் ஒழுங்குபடுத்த முடியும்.

இப்படிச் செய்யப் போகிறேன். நிரல் ஓட ஒரு சர்வர் இல்லை, இரண்டு. புதுப்பிப்பு வந்தால் ஒன்றில் புதிய இணைப்பை நிறுத்தி, ஆட்கள் வெளியேறியதும் வேலையைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம். லேபிள் அச்சிடும் மூன்று கிடங்குக் கணினிகளில் மட்டும் கிளையண்ட் உள்ளேயே இருக்கும். பதிப்பு மாறும்போது விட்டுப்போகாமல் இருக்க, அந்த மூன்றின் பெயரையும் சர்வர் அறைக் கதவில் எழுதி ஒட்டுகிறேன். முதலில் கணக்குப் பிரிவின் ஆறு பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கிறேன்.

பழைய கேபிள்

மூன்று கணினியை வெளியே வைத்தது நல்லது. ஒரே ஆள் என்ற என் கவலை அப்படியே இருக்கிறது. முதலாளியிடம் அதையும் பேசு.

வவுச்சர் அக்கா

தம்பி, அந்த ஆறு பேரையும் எந்தத் தேதியில் மாற்றப் போகிறாய்? 14ஆம் தேதிக்கு முன்னால் வேண்டாம். மாற்றுவதற்கு முந்தின நாள் ஒவ்வொருவரையும் ஒரு கோப்பைச் சேமிக்கச் சொல்லி, அதைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பார்.

உபிக்காரன்

சரி அக்கா. 16ஆம் தேதிக்குப் பிறகுதான். ஜைரோ கோப்பிலேயே பழக்கிவிடுகிறேன்.