கம்ப்யூட்டர் திரையில வர்ற நோட்டிஃபிகேஷன் பெட்டியில பட்டன் வேணுமா, வேண்டாமா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
தொடவே முடியாத பெட்டிதான் நல்ல பெட்டின்னு சொல்றனுங்க. 2009ல உபுண்டுங்கற லினக்ஸோட 9.04 பதிப்புல நோட்டிஃபை ஓஎஸ்டின்னு ஒரு பெட்டி குடுத்தாங்க, கருப்பா சின்னதா வலது பக்கம் மேல வரும், பட்டனே கிடையாது, மவுஸ கிட்ட கொண்டுபோனா மங்கிரும், அது மேல க்ளிக் பண்ணுனாலும் க்ளிக் அடியில இருக்கற விண்டோவுக்குத்தான் போகும். கையில இருக்கற வேலைக்கு மரியாதை குடுத்து செஞ்சது அது. இப்ப உபுண்டுல வர்ற க்னோம்ங்கற டெஸ்க்டாப்ல பாருங்க, மேல நடுவுல கடிகாரத்துக்குக் கீழ பேனர் வருது, மவுஸ் தெரியாம அது மேல பட்டா விரிஞ்சு நின்னுக்குது, மவுஸ எடுக்கற வரைக்கும் போகாது. தமிழ் மீடியம் பசங்களுக்கு ப்ரொஜெக்டர்ல இங்க்ஸ்கேப்ங்கற படம் வரையற சாஃப்ட்வேரோட மெனுவ காட்டிட்டு இருக்கறப்ப ஏதோ ஒரு ஆப் அப்டேட் ரெடின்னு வந்தா க்ளாஸ் மொத்தமும் அதத்தான் படிக்குது.

குமுளி கடைக்காரர்:
மாஷே, உங்க லேப்புக்கு சரி, எங்களுக்கு ஆகாது. நான் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கற கடை வச்சிருக்கேன், தமிழ்லயும் மலையாளத்துலயும் ஆளுங்க எதிர்ல நின்னுக்கிட்டே இருப்பாங்க, பிரிண்டர்ல பேப்பர் தீந்துருச்சு, டவுன்லோட் முடிஞ்சிருச்சு, இதெல்லாம் வந்த உடனே அதையே அமுக்கி ஃபைல திறக்கணும். மங்கிப்போற பெட்டிய வச்சு நான் என்ன பண்ண, ஃபோல்டர்ல போய் தேடவா? அந்த 9.04 பெட்டி பட்டன எடுத்ததோட நிக்கல, பட்டன் கட்டாயம் வேணும்னு கேட்ட ஆப்புக்கெல்லாம் அதுக்கு பதிலா ஒரு டயலாக் விண்டோவையே தூக்கிப் போட்டுச்சு. தொந்தரவு கூடாதுன்னு ஆரம்பிச்சு அதவிடப் பெரிய தொந்தரவுல போய் நின்னுச்சுல்ல?

மீனாட்சிபுரம் கோடர்:
ரெண்டு பேரும் பெட்டியவே பாக்கறீங்க, அனுப்பறவன யாரும் கேக்கல. லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கெல்லாம் பொதுவா ஃப்ரீடெஸ்க்டாப் விதிமுறை ஒண்ணு இருக்கு, அதுல அவசரம் மூணு தரம்: லோ, நார்மல், கிரிட்டிகல். கிரிட்டிகல் தானா மறையக்கூடாதுன்னே எழுதியிருக்கு. க்னோம்ல லோ போட்டு அனுப்புனா பேனரே வராது, கடிகாரத்த அமுக்குனா வர்ற லிஸ்ட்ல போய் உக்காந்துக்கும். மாஷ் சொல்ற அப்டேட் செய்திய அந்த ஆப் எழுதுனவங்க லோ-ல அனுப்பியிருந்தா இந்தப் பேச்சே இல்ல. நானே ஆப் எழுதறவதான், என் செய்திய எல்லாரும் பாக்கணும்னு மேனேஜருக்கு ஒரு ஆசை இருக்கும், அங்கதான் எல்லாம் கெட்டுப்போகுது.
இன்னொண்ணு, ஏதாவது முழுத்திரையில ஓடிட்டு இருந்தா கிரிட்டிகல் மட்டுந்தான் பேனரா வரும். கேரள அரசோட கைட் நிறுவனம் ஸ்கூலுக்குக் குடுக்கற லினக்ஸும் உபுண்டு அடிப்படைதான், 22.04 பதிப்பா இருந்தா பேனர நிறுத்தி வைக்கற டூ நாட் டிஸ்டர்ப் ஸ்விட்ச்சும் உள்ள இருக்கு மாஷ், 2020ல க்னோம் 3.36லயே வந்துருச்சு.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
ஸ்விட்ச் தெரியுமுங்க. ஆனா லேப்ல இருக்கற ஒவ்வொரு மெஷின்லயும் பீரியடுக்குப் பீரியடு ஆரு போய் போடறது? மெனு, டூல்பாக்ஸ் எல்லாம் தெரியணும்னுதானே பாடமே நடத்தறோம், முழுத்திரைக்குப் போனா அதெல்லாம் எங்க இருக்கும்? நல்ல டிசைன்னா எதையும் தொடாம வெச்சாலே அமைதியா இருக்கோணும், அமைதிய நான் போய் கேட்டு வாங்கற மாதிரி இருக்கக்கூடாதுங்க.

வாளையார் எக்ஸ்எஃப்சிஇ:
பெட்டி எங்க வருதுங்கறத யாருமே பேசல. மேக்ல பேனர் வலது மேல மூலை, ஆனா விண்டோவ மூடற பட்டன் இடது பக்கம், முட்டிக்காது. விண்டோஸ் 10ல மூடற பட்டன் வலது மேல, பேனர் வலது கீழ, அங்கயும் முட்டிக்காது. நான் வச்சிருக்கற எக்ஸ்எஃப்சிஇ, அதுவும் லினக்ஸ் டெஸ்க்டாப்தான், அதுல சும்மா விட்டா ரெண்டுமே வலது மேல. பெரிசாக்குன விண்டோவ மூடப்போற நேரத்துல பெட்டி வந்து விழுந்தா க்ளிக் யாருக்குப் போகும்? இதுல நான் மாஷ் பக்கந்தான். மூடற பட்டன மறைக்கற பெட்டி எந்த அவசரத்துக்காகவும் வரக்கூடாது.

குமுளி கடைக்காரர்:
அது இடத்தோட கோளாறு, அதுக்குப் பட்டன் என்ன பண்ணும்? இடத்த மாத்துங்க, பட்டன விட்டுருங்க. விண்டோ பட்டன்லயும் இதே கூத்துதான், 2011ல க்னோம் 3 மினிமைஸையும் மேக்ஸிமைஸையும் தூக்கிட்டு மூடறத மட்டும் வச்சுது, பாக்க சுத்தமா இருக்கட்டும்னு. கடையில வேலை பாக்கற பொண்ணு ஒரு ஃபாரத்த ஒதுக்கி வச்சிட்டு அடுத்த ஆளோடத திறக்கணும்னா மினிமைஸ் இல்லாம என்ன பண்ணும்? கண்ணுக்கு அழகுன்னு கைக்கு வேண்டியத எடுக்கறாங்க. உபுண்டு 17.10ல திரும்ப க்னோமுக்கு வந்தப்ப மூணு பட்டனையும் வச்சே குடுத்தாங்க, ஏன்?

மீனாட்சிபுரம் கோடர்:
அண்ணே, அது பழக்கத்துக்காக. 2010ல உபுண்டு 10.04ல விண்டோ பட்டன இடது பக்கம் மாத்துனப்பவும் எவ்ளோ சண்டை. ஆனா பழக்கம்னு சொல்லி எல்லாத்தையும் தள்ளிடவும் முடியாது. ஃபிட்ஸ்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் 1954ல கையசைவ அளந்து சொன்னது இன்னைக்கும் நிக்குது, குறி பெருசா கிட்ட இருந்தா கை சீக்கிரம் போய்ச் சேரும். திரை மூலைன்னா மவுஸ தள்ளிவிட்டாலே போதும், அங்கேயே போய் நின்னுரும். விண்டோஸ்ல பெரிசாக்குன விண்டோவுக்கு மூடற பட்டன் அந்த மூலையில இருக்கு. உபுண்டுல மேல பட்டை இருக்கறதால மூலைய அமுக்குனா சிஸ்டம் மெனுதான் திறக்கும், மூடறதுக்குக் கொஞ்சம் கீழ குறி பாக்கணும். அந்தச் சின்னக் குறி மேல பேனரும் வந்தா வாளையார் சொல்றது முழுக்க சரி.
பட்டன் இருக்கட்டும், ஆனா பெட்டி வந்த உடனே கொஞ்ச நேரம் க்ளிக்க வாங்காம கீழ விட்டுரணும். நாம க்ளிக் பண்ணப் போனது பழைய விண்டோவ, பெட்டிய இல்லல்ல.

குமுளி கடைக்காரர்:
அப்படின்னா எனக்கு சம்மதம்மா. டவுன்லோட் பெட்டி அரை செகண்ட் கழிச்சு க்ளிக் வாங்குனாலும் கடைக்கு ஒண்ணும் நஷ்டமில்ல.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
பாதிதானுங்க அது. க்ளிக் தப்பாது, செரி, ஆனா பசங்க கண்ணு அங்க போறத அந்த அரை செகண்ட் தடுக்குமா? லோ போடவேண்டியதுக்கு நார்மல் போட்டு அனுப்பற ஆப்ப சிஸ்டமே கீழ எறக்கற மாதிரி இருந்தா அப்ப பட்டனப் பத்தி பேசலாம். அது வர்றவரைக்கும் எனக்கு மங்கிப்போற பெட்டிதான்.