வீட்டிலிருந்து என்-லிஸ்ட் திறந்தால் பணம் கேட்கிறது. தமிழ் ஆய்வேடுகள் தேடலில் சிக்கவில்லை. வழி என்ன?

நெய்தல்வெளி கேட்டது:

வணக்கம். அரசு உதவிபெறும் கல்லூரியில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு, முதலாண்டு. தலைப்பு: சங்க இலக்கியத்தில் உப்பு வணிகம்.

நூலகத்தில் என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கு மின்னிதழ்கள் தரும் சேவை) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் கூகுள் ஸ்காலரில் தேடி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் டாலரில் பணம் கேட்கிறது. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ‘உமணர்’ (உப்பு வணிகர்) என்று தட்டினால் ஒன்றும் வருவதில்லை. இதே பொருளில் யாரும் ஆய்வு செய்யவில்லை என்று நம்பிவிடலாமா? கல்லூரியில் இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா? கடைசியாக ஒன்று. முதல் இயலை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். கருத்துத் திருட்டுச் சோதனையில் இது ஏதாவது சிக்கல் தருமா?

---

அடுக்குஎண் பதில்:

வணக்கம். முதலில் என்-லிஸ்ட்.

கூகுளில் கிடைத்த இணைப்பை நேராகத் திறந்தால், நீங்கள் சந்தா உள்ள கல்லூரியைச் சேர்ந்தவர் என்பது பதிப்பகத் தளத்துக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் விலை காட்டுகிறது. முதலில் என்-லிஸ்ட் தளத்துக்குப் போய் உள்நுழையுங்கள். அங்கே மின்வளங்கள் பட்டியலில் அந்தப் பதிப்பகத்தின் பெயரைச் சொடுக்கி, அந்த வழியாகவே அதன் தளத்துக்குள் போங்கள். கூகுளில் பார்த்த கட்டுரைத் தலைப்பை நகலெடுத்து, பதிப்பகத் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். எல்லாம் ஒரே உலாவியில் நடக்க வேண்டும். நடுவில் வேறு உலாவிக்கோ மறைநிலைச் சாளரத்துக்கோ மாறினால் மறுபடி பணம் கேட்கும்.

இவ்வளவு செய்தும் திறக்கவில்லையென்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். அந்த இதழ் என்-லிஸ்ட் தொகுப்பிலேயே இல்லாமல் இருக்கலாம். தளத்தில் இதழ்களின் அகரவரிசைப் பட்டியல் உண்டு, அதில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது இதழ் இருந்தும், சந்தா குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் இருக்கலாம். 1980களின் கட்டுரை திறக்காமல் 2015 கட்டுரை திறந்தால் இதுதான் காரணம்.

அடுத்தது ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசின் ஆய்விதழ்த் திட்டம். 2025 ஜனவரி 1 முதல் நடக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இதில் வருகின்றன. முதற்கட்டம் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. உங்கள் கல்லூரி அதற்குள் வருகிறதா என்பதைக் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். வராவிட்டாலும் உங்கள் முனைவர் பட்டப் பதிவு இருப்பது பல்கலைக்கழகத்தில். அது மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், பதிவு ஆணையின் நகல், கல்லூரி அடையாள அட்டை, நெறியாளர் கையெழுத்திட்ட கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த நூலகத்துக்கே போய், வளாக இணைப்பில் கட்டுரைகளை இறக்கிக்கொள்ள அனுமதி கேளுங்கள். வேண்டிய கட்டுரைகளின் பட்டியலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போனால் ஒரே நாளில் வேலை முடியும்.

ஒரு எச்சரிக்கை. ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளையும் மென்பொருள் வைத்து மொத்தமாக இறக்காதீர்கள். பதிப்பகத்தின் கணினி அதைக் கண்டுபிடித்து வளாகத்தின் இணைய முகவரி முழுவதையும் முடக்கிவிடும். அப்புறம் மற்ற மாணவர்கள் யாருக்கும் திறக்காது.

இலவச வழிகளும் இருக்கின்றன. ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தில் சொந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கினால் 30 நாளுக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம், இறக்க முடியாது. தென்னிந்தியப் பொருளாதார வரலாறு பற்றிய பழைய ஆங்கிலக் கட்டுரைகளுக்கு இதுவே பெரிய உதவி. அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொண்டால், கட்டுரைக்குச் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும்.

வெளியூர் நூலுக்கு: உங்கள் கல்லூரி டெல்நெட் (நூலகங்கள் தமக்குள் நூல் பகிரும் வலையமைப்பு) உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினர் என்றால் நூலகர் வழியாக நூலை இரவல் வாங்கலாம், கட்டுரை நகலும் கேட்கலாம். மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. கேட்கும்போது ஆசிரியர், தலைப்பு, இதழ் பெயர், தொகுதி, எண், ஆண்டு, பக்க எண்கள் எல்லாவற்றையும் முழுதாக எழுதிக் கொடுங்கள். ‘உப்பு பற்றி ஏதாவது’ என்று கேட்டால் எந்த நூலகராலும் அனுப்ப முடியாது. தொடக்கமும் முடிவும் சேர்ந்த பக்க எண் இல்லாத கோரிக்கைகள்தான் அதிகம் திரும்பி வருகின்றன.

நூலக அடுக்கில் நேரில் தேடும்போது வகைப்பாட்டு எண் 894.811 (தமிழ் இலக்கியம்) வரிசையோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தலைப்புக்கு 954.82 (தமிழ்நாட்டு வரலாறு), 381 (வணிகம்) இரண்டு இடங்களிலும் நூல்கள் இருக்கும். தமிழ்த்துறை மாணவர்கள் அந்தப் பக்கம் போவதே குறைவு.

---

ஏட்டுச்சுவடி பதில்:

சோத்கங்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘ஒன்றும் வரவில்லை’ என்பதை ‘யாரும் செய்யவில்லை’ என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

தமிழ் ஆய்வேடுகள் பல அங்கே படமாக வருடப்பட்டவை. உள்ளே இருக்கும் சொற்கள் தேடலில் விழாது. தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், துறை போன்ற விவரங்கள்தான் விழும். அந்தத் தலைப்பையும் ஒருவர் தமிழ் எழுத்தில் ஏற்றியிருப்பார், ஒருவர் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்திருப்பார், இன்னொருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருப்பார். மூன்று விதமாகவும் தேட வேண்டும்.

ஒலிபெயர்ப்பில் ஒரு சொல்லுக்கே பல வடிவங்கள். ‘சங்கம்’ எஸ் எழுத்தில் தொடங்கி நடுவில் ஜி வரும்; நூலக முறைப்படி எழுதியவர் சி-யில் தொடங்கி நடுவில் கே போட்டிருப்பார். ‘அகநானூறு’ என்பதில் முதல் அ-வுக்குப் பிறகு கே, ஜி, எச் மூன்றும் புழக்கத்தில் உண்டு. ‘நெய்தல்’ ஒய் போட்டும் ஐ போட்டும் வரும். த-வுக்குத் தனி டி-யும் உண்டு, டிஎச்சும் உண்டு. ழகரத்துக்கு இசட்எச் போட்டுக் கிடைக்காவிட்டால் வெறும் எல் போட்டுப் பாருங்கள்.

இதைவிட நம்பகமான வழி, தேடாமல் உலாவுவது. சோத்கங்கா முகப்பில் பல்கலைக்கழகங்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் துறை, துறைக்குள் ஆய்வேடுகளின் தலைப்புப் பட்டியல். தமிழ்த்துறை உள்ள பல்கலைக்கழகங்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடா என்றாலும், நாளுக்கு இரண்டு வீதம் எடுத்துக்கொண்டு கண்ணால் ஓட்டிவிடலாம். ‘உப்பு’ என்று மட்டும் பார்க்காமல் வணிகம், தொழில், நெய்தல், பொருளியல், உணவு என்ற சொற்கள் வரும் தலைப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். உமணர் பற்றிய இயல் அந்த ஆய்வேடுகளுக்குள் ஒளிந்திருக்கும். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கங்களுக்குச் சோத்கங்கோத்ரி என்ற தனித்தளம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

ஆய்வேட்டை மின்வடிவில் தர வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி 2009இல் வந்தது. அதற்கு முந்தைய ஆய்வேடுகளில் பல இன்னும் அந்தந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பிரிவில் அச்சாக மட்டுமே இருக்கின்றன. அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்கும்படி இருக்கும், இரவல் எதிர்பார்க்காதீர்கள். நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள்.

பழைய இதழ்களை விட்டுவிட வேண்டாம். ‘செந்தமிழ்ச் செல்வி’ 1923இலும் ‘தமிழ்ப் பொழில்’ 1925இலும் தொடங்கியவை. இவற்றில் வந்த கட்டுரைகள் கூகுள் ஸ்காலரில் சிக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இதழ்ப் பெயரைப் போட்டு, கிடைக்கும் ஒவ்வொரு தொகுதியின் பொருளடக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும். அங்கே இல்லாத பழைய அச்சுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 1994இல் நிறுவப்பட்டது, கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு அதன் அடித்தளம். இணைய நூற்பட்டியலில் தேடி, நூலின் எண்ணைக் குறித்துக்கொண்டு, முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போங்கள். தென்மாவட்டத்திலிருந்து சென்னை தொலைவு என்றால், பொது நோக்கு நூல்களுக்கு மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பக்கம்.

---

மெய்ப்பு பதில்:

பாமினியைப் பற்றிக் கேட்டது நல்லது. முதல் இயலோடு கேட்டதால் தப்பித்தீர்கள்.

பாமினியில் நீங்கள் திரையில் பார்ப்பது தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் மாட்டுகிறது. சோதனை மென்பொருளுக்கு எழுத்துரு தெரியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளை ஒருங்குறி (யூனிகோட்) தமிழோடு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. ஒப்புமை 0 என்று வந்தால் மகிழாதீர்கள். அது சோதனையே நடக்கவில்லை என்று பொருள், கோப்பு திரும்பி வரலாம்.

மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாக உள்ளே போட்டால், நடுவில் உள்ள ஆங்கிலப் பெயர்களையும் பாமினி என்று நினைத்து உளறலாக மாற்றிவிடும். ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்துவைத்து, தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றி, பிறகு ஆங்கிலத்தைத் திரும்பச் செருகுங்கள். அடிக்குறிப்புகள் தனியாக விடுபடும், அவற்றை மறக்காதீர்கள்.

மாற்றியபின் ஒரு சோதனை. ‘மௌனம்’ என்று கோப்பில் தேடுங்கள். பிறகு மெ, ள, னம் என்று தனித்தனியாகத் தட்டி ‘மெளனம்’ என்று தேடுங்கள். இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு சொல். ஔகாரக் குறியீட்டுக்குப் பதில் ளகரம் போடுவது தமிழ்த் தட்டச்சில் மிகப் பரவலான பிழை. நூலகப் பட்டியல்களிலும் இது உண்டு. ஒரு நூல் கிடைக்காதபோது இந்த வடிவத்தையும் தட்டிப் பாருங்கள்.

சோதனைக்கு வேர்டு கோப்பாகக் கொடுங்கள். பிடிஎஃப்தான் வேண்டும் என்றால், அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கொம்பும் காலும் இடம்மாறிச் சிதறினால், அந்தப் பிடிஎஃப் சோதனைக்கு உதவாது.

மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும், அதற்கு ஆறு மாதத்துக்கு மேற்படாத காலம் கொடுப்பார்கள். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டைத் தர ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. சங்க இலக்கிய மாணவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல்: பாடல் மேற்கோள்கள். உரிய சான்றோடு தரும் மேற்கோள் கணக்கில் வரக்கூடாது என்று விதியே சொல்கிறது. ஆனால் மேற்கோள் குறி இல்லாவிட்டால் மென்பொருள் அதை மேற்கோளாக அறியாமல் போகலாம். உள்தள்ளி மட்டும் எழுதிய பாடலடிகள் திருட்டுக் கணக்கில் ஏறக்கூடும். எனவே ஒவ்வொரு பாடலுக்கும் இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். அறிக்கை எடுக்கும்போது மேற்கோள், துணைநூற்பட்டியல் இரண்டையும் விலக்கும் தெரிவைப் போடச் சொல்லி நூலகரிடம் நினைவூட்டுங்கள்.

---

நெய்தல்வெளி:

மூவருக்கும் மிக்க நன்றி. என்-லிஸ்ட் திறந்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்விகள். இணையத்தில் உள்ள சங்கப் பாடல் தொகுப்பில் ‘உப்பு’ என்று தேடினால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகிறதே? துணைநூற்பட்டியலுக்கு ஜோட்டிரோ என்ற மென்பொருளைப் போட்டேன், தமிழ்ப் பெயர்களைத் தலைகீழாக்குகிறது.

---

ஏட்டுச்சுவடி:

‘உப்பு’ என்று தேடினால் ‘உப்பின்’, ‘உப்பெனச்’ போன்றவை வராது. அகநானூறு 140இல் வரும் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பெனச்’ என்ற, உங்கள் தலைப்புக்கு உயிரான அடியே தப்பிவிடும். ‘உப்’ என்று மட்டும் தேடி, வேண்டாதவற்றைக் கையால் நீக்குங்கள். ‘உமணர்’ என்பதற்கு ‘உமண’ போதும். ஆனால் உமணப் பெண்களைக் குறிக்கும் ‘உமட்டியர்’ அதில் வராது, தனியாகத் தேட வேண்டும். உப்பு வண்டி வரிசையைக் குறிக்கும் ‘ஒழுகை’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையப் பாடத்தில் தட்டச்சுப் பிழை உண்டு, சொல் பிரிப்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆய்வேட்டில் எழுதுமுன் ஒவ்வோர் அடியையும் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டு, எந்தப் பதிப்பு என்பதையும் குறியுங்கள்.

---

அடுக்குஎண்:

ஜோட்டிரோவில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில், இரண்டு கட்டங்களை ஒன்றாக்கும் சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி ஒரே கட்டமாக்கி, உங்கள் பல்கலைக்கழக நெறிமுறை எப்படிக் கேட்கிறதோ அப்படியே முழுப்பெயரையும் எழுதுங்கள். தலைப்பெழுத்து பின்னால் வர வேண்டும் என்றால் ‘வரதராசன், மு.’ என்று நீங்களே தட்டிவிடுங்கள். ஒரே கட்டத்தில் இருப்பதை அது மாற்றாது. இலவசச் சேமிப்பு 300 மெகாபைட்தான். வருடிய பிடிஎஃப்கள் சில நாளிலேயே அதை நிரப்பிவிடும். அமைப்புகளில் கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிட்டு, நூல் விவரங்களை மட்டும் ஒத்திசையுங்கள். பிடிஎஃப்களைத் தனியாக ஒரு பென்டிரைவில் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.