‘ஷிம்மி’க்கு ‘உதறல்’: ஒரு முன்மொழிவு

கார்ப் பழுதுகளுக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் தேடும் குழுவினருக்கு வணக்கம். ஷிம்மி (ஓடும்போது ஸ்டியரிங் இடவலமாக ஆடுவது), ஜடர் (பிரேக் பிடிக்கும்போது எழும் நடுக்கம்) ஆகியவை பற்றி நம்மில் ஒருவர் எழுதியது இது:

> ஷிம்மி, ஜடர், வைப்ரேஷன் மூன்றுக்கும் ‘அதிர்வு’ போதும். முன்னால் உறுப்பின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதை ஏற்கத் தயங்குகிறேன். எந்த உறுப்பு என்பது பழுதைக் கண்டுபிடித்த பின்னரே தெரியவருகிறது. காரைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர் சொல்லக்கூடியதோ, எந்த வேகத்தில், கையிலா காலிலா இருக்கையிலா, எப்படி உணர்ந்தார் என்பது மட்டுமே. ஆகவே கலைச்சொல்லும் அந்த உணர்விலிருந்தே பிறப்பது நல்லது.

முன்சக்கரத்தின் எடை சுற்றிலும் சீராக இல்லாவிட்டால், பெரும்பாலும் மணிக்கு 80 முதல் 110 கி.மீ. வரையிலான வேகத்தில் ஸ்டியரிங் இடமும் வலமுமாக விரைந்து ஆடும். சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர் உள்ள சக்கரம் 90 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 13 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கனமான பக்கம் ஒருமுறை இழுக்க, அந்த எண்ணிக்கை முன் சஸ்பென்ஷனின் (சக்கரத்தைத் தாங்கும் வில் அமைப்பின்) இயல்பு அலைவெண்ணை, அதாவது அது தானாக நொடிக்கு எத்தனை முறை அசையுமோ அந்த எண்ணை, நெருங்கும்போது அசைவு பெரிதாகி, வேகம் அதைத் தாண்டியதும் அடங்குகிறது. ஈரக்கையை உதறுவது போன்ற இந்த இயக்கத்துக்கு ‘உதறல்’ பொருந்தும்.

ஜடர் வேறு. பிரேக் டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும், பிரேக் பற்றிப் பிடிக்கும் தட்டின்) தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருந்தால், பிரேக்கை அழுத்தும்போது மட்டும் மிதி காலைத் திருப்பித் திருப்பித் தள்ளும். இதைத் ‘துடிப்பு’ எனலாம்.

இணைப்புகள் தேய்ந்து இடைவெளி விழுவதை, பட்டறைகளில் ‘பிளே’ எனப்படுவதை, ‘தளர்வு’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தளர்ந்ததை முடுக்கினால் சரியாகிவிடும். சக்கரத்தை சஸ்பென்ஷனோடும் ஸ்டியரிங்கோடும் இணைக்கும் பால் ஜாயின்ட், டை ராடு முனை ஆகியவை தேய்ந்துபோனால், அவற்றை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து அசைத்துப் பார்க்கும் மெக்கானிக், “ஆட்டம் இருக்கு” என்றுதான் சொல்கிறார். அதையே எடுத்துக்கொள்வோம், வண்டி நிற்கும்போதும் இருப்பது ஆட்டம், ஓடும்போது மட்டும் எழுவது உதறல்.

ஒலிகளுக்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்புகையில் தேய்ந்த சி.வி. ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் அச்சின் மூட்டு) ‘டக்டக்’ என்கிறது, சிறு மேடுபள்ளத்தில் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) ‘கடகட’ என்கிறது. இரட்டைக்கிளவி இருக்கும் மொழிக்கு இதில் என்ன குறை?

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. பின்சக்கரத்தின் எடைச் சீரின்மை ஸ்டியரிங்கைவிட இருக்கையிலும் தரையிலுமே மிகுதியாகத் தெரியும். அதை உதறலில் சேர்க்காமல் ‘அதிர்வு’ என்றே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். மறுப்போர் எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் எழுதுமாறு வேண்டுகிறேன்.